மடங்காத கணுக்கால்

எலும்பைப் பற்றிக் கறிக்கடைக்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்றுதான் நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு என் தகப்பனாரோடு கடையில் நின்றவன் நான். இப்போது ஐம்பத்தாறு வயது. கோயமுத்தூர் பழைய ஊருக்குள், பள்ளிவாசலுக்கு நாலு கடை தள்ளி எங்கள் கடை.

ஆட்டின் காலைக் கட்டையில் வைத்து ஒரு போடு போட்டால் அது எப்படி வளர்ந்த ஆடு என்று சத்தத்திலேயே தெரிந்துவிடும். பல்லடத்துக்கு அந்தப்பக்கம் வறண்ட காட்டில் நாளெல்லாம் நடந்து மேய்ந்த வெள்ளாடு என்றால் கத்தி எம்பித் திரும்பி வரும். கட்டிப்போட்டுத் தீனி வைத்து வளர்த்தது என்றால் பொதுக்கென்று இறங்கிவிடும். இரண்டு எலும்பையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சின்னக் குழந்தைக்கும் வித்தியாசம் தெரியும். நடந்த ஆட்டின் எலும்பு கனமாக, கல் மாதிரி இருக்கும்.

ஒருமுறை நொண்டி ஆடு ஒன்று வந்தது. குட்டியாக இருக்கும்போது ஒரு கால் ஒடிந்து, அதை ஊன்றாமலேயே வளர்ந்த ஆடு. அறுத்துப் பார்த்தால் அந்தக் கால் எலும்பு மட்டும் மூங்கில் குச்சி போல மெலிந்திருந்தது. பாரம் சுமந்த மற்ற கால்கள் நன்றாகத் தடித்திருந்தன. வாடிக்கையாய் வரும் வாத்தியார் ஒருவரிடம் அதைக் காட்டி, பாரம் எங்கே இறங்குகிறதோ அங்கேதான் எலும்பு வளரும் என்று பெரிய மேதாவி போலச் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு அரைக் கிலோ வாங்கிக்கொண்டு போனார்.

இத்தனையும் எனக்குத் தெரிந்திருந்தது. என் மகன் விஷயத்தில் அதில் ஒன்றும் எனக்கு உதவவில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்களுக்கு ஒரே மகன். ஒன்பது வயதில் பந்து உதைக்கப் போனவன், இப்போது இருபத்திரண்டு வயது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கால்பந்து என்றால் உயிர். விடியலில் சுபுஹு தொழுதுவிட்டு, வெயில் வருமுன் மைதானத்துக்குப் போய்விடுவார்கள். சாயங்காலம் மறுபடியும் போவார்கள். மழையோ பரீட்சையோ, அவன் ஒரு நாளும் நின்றதில்லை. இடதுகால் ஆட்டக்காரன். சாப்பிடுவது, எழுதுவது எல்லாம் வலது கையில்தான். பந்து என்றால் மட்டும் இடதுகால் முந்திக்கொள்ளும். கூட ஆடுகிறவர்கள் 'நொட்டாங்கால்' என்று கூப்பிடுவார்கள். கடைக்கு வருகிறவர்கள், "என்னங்க பாய், வீட்ல தெனமும் ஆட்டுக்கால் சூப்புங்களா, பையன் உதைக்கற உதையில வலை கிழியுது" என்பார்கள். எனக்குச் சிரிப்பு வரும். உள்ளுக்குள் பெருமையாகவும் இருக்கும். ஆனாலும் அவன் ஆடுவதை ஒரு தடவைகூட மைதானத்துக்குப் போய் நான் பார்த்ததில்லை. கடை விட்டு வர முடியாது என்று சொல்லிக்கொள்வேன்.

நான் அவனைப் பார்த்ததெல்லாம் பள்ளிவாசலில்தான். சிறுபிள்ளையிலிருந்து என் இடப்பக்கம்தான் நிற்பான். முதல் வரிசையில் தூணுக்குப் பக்கத்தில் எனக்கு வழக்கமான இடம். இருபது வருடத்துக்கு மேலாக அங்கேதான். பள்ளிவாசலில் இடம் யாருக்கும் சொந்தமில்லை என்றாலும், அங்கே வேறு யாரும் வந்து நிற்க மாட்டார்கள். எனக்குப் பக்கத்தில் என் மகன். ஐந்து நேரத் தொழுகையில் இரண்டு நேரமாவது அவன் தோள் என் தோளில் படும். அதற்கு மேல் ஒரு தகப்பனுக்கு என்ன வேண்டும் என்று இருந்தேன்.

அவனுக்கு இருபது வயது ஆனபோது ஒரு சத்தம் கேட்க ஆரம்பித்தது. சஜ்தாவில் தரையில் நெற்றியை வைத்து எழுந்து நிற்கும்போது அவன் இடது கணுக்காலில் 'டக்' என்று சொடக்கு விழும். மத்தியான லுஹர் தொழுகையில் இமாம் சத்தமாக ஓத மாட்டார், பள்ளிவாசலே அமைதியாக இருக்கும். அதில் அந்த 'டக்' நன்றாகக் கேட்கும். எனக்கு அது இடைஞ்சலாக இருந்தது. மெதுவாக எழுந்திரு என்று ஒருமுறை சொன்னேன். சரிங்கத்தா என்றான், என்னை அத்தா என்றுதான் கூப்பிடுவான்.

பிறகு அவன் உட்காருவது மாறிற்று. தொழுகையில் இடையிடையே உட்காரும்போது இடது பாதத்தைப் படுக்கப்போட்டு அதன்மேல் அமர வேண்டும், வலது பாதம் விரல் மடங்கி நிமிர்ந்து நிற்க வேண்டும். எங்களுக்கு அதுதான் முறை. ஏழு வயதில் நான்தான் அவனுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தேன், என் கையாலேயே பாதத்தைத் திருப்பி வைத்து. இப்போது அவன் இடதுகாலை ஓரமாகத் தள்ளிவிட்டுத் தரையில் உட்கார ஆரம்பித்தான். தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளு செய்யும்போதும் எல்லோரையும் போலத் தொட்டி ஓரத்தில் குந்தாமல், குழாயடியில் நின்றுகொண்டே காலைத் தூக்கிக் கழுவினான். இருபது வயசுப் பையனுக்கு இதெல்லாம் சோம்பல், இல்லையென்றால் திமிர். எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து செருப்புப் போடும் இடத்தில், டீத்தூள் கடை வைத்திருக்கும் பெரியவர் என்னைப் பிடித்தார். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "ஏனுங்க பாய், உங்க பையன் அல்லாஹ் முன்னாடி உக்கார்றானா, சினிமாக் கொட்டாயில உக்கார்றானா? ஒரு கால இந்தப்பக்கம் போட்டு, ஒரு கால அந்தப்பக்கம் போட்டு" என்றார். நாலு பேர் சிரித்தார்கள். அவனும் அங்கேதான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான். கேட்டிருக்கும். நிமிர்ந்து பார்க்கவில்லை.

அன்று மத்தியானம் வீட்டில் தொழுகைப் பாயை விரித்து அவனை உட்காரச் சொன்னேன். என் மனைவி சமையல்கட்டில் இருந்தாள். அவன் உட்கார்ந்தான். இடதுகால் ஓரமாகப் போயிற்று. கையால் இழுத்துச் சரியாக வைத்தேன். மறுபடியும் நழுவிற்று.

"முடியலீங்கத்தா" என்றான்.

"பழகுனா வரும்" என்றேன்.

பாதத்தைத் திருப்பி வைத்தேன். அவன் பின்னால் நின்று, இரண்டு தோளிலும் கையை வைத்து அழுத்தினேன். கறி வெட்டுகிற கை. ஆட்டைப் பிடித்து அமுக்கிப் பழகிய கை. அவன் இடுப்பு குதிகாலில் போய் உட்காருகிற வரைக்கும் அழுத்தினேன். உள்ளே ஏதோ ஒன்று முட்டி நிற்பது என் உள்ளங்கைக்கே தெரிந்தது. தெரிந்தும் அழுத்தினேன். அவன் சத்தம் போடவில்லை. கழுத்தில் வேர்வை அரும்பி முதுகில் இறங்கியது. "பாத்தயா, வந்துருச்சு" என்று சொல்லிக் கையை எடுத்தேன்.

அவன் கையை ஊன்றி, சுவரைப் பிடித்து எழுந்தான். முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. வெளியே போனான். நொண்டினான். பாவனை பண்ணுகிறான் என்று நினைத்தேன்.

மறுநாளிலிருந்து அவன் என் பக்கத்தில் வந்து நிற்கவில்லை. எங்கள் பள்ளிவாசலுக்கே வரவில்லை. வேறெங்கும் போகிறானா, வீட்டில் தொழுகிறானா, விட்டே விட்டானா, தெரியாது. நானும் கேட்கவில்லை. என் இடப்பக்கம் வேறு யாராவது வந்து நின்றார்கள். அந்த நாட்களில் எனக்குக் கோபம் வந்ததாகவும் நினைவில்லை, வருத்தம் வந்ததாகவும் நினைவில்லை. காலையில் கடை திறப்பேன், வெட்டுவேன், கட்டையைச் சுரண்டி உப்புப் போட்டு மூடுவேன், பாங்கு சொன்னால் தொழப் போவேன். வெகுநேரம் மடக்கி உட்கார்ந்த கால் நம்முடையதா இல்லையா என்று தெரியாமல் போகுமே, நெஞ்சும் அப்படி இருந்தது. சாப்பாட்டில் உப்புக் குறைந்தது என்று மனைவி சொன்னால்தான் தெரியும்.

மூன்று வாரம் கழித்து அவள்தான் பேசினாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு நான் உட்கார்ந்திருந்தபோது, தட்டை வைத்துவிட்டுப் போகாமல் எதிரிலேயே நின்றாள்.

"ஏனுங்க, நான் ஒண்ணு சொன்னா கேப்பீங்களா? ஒரு வருசமா அவங்காலுக்கு நாந்தான் உப்பு ஒத்தடம் குடுக்கறேன். உங்ககிட்டச் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிப்போட்டான். சொன்னா ஆட்டத்த நிறுத்தீருவீங்கன்னு. அன்னைக்கு நீங்க அமுக்குனீங்களே, அதுக்கப்பறம் வீங்குன வீக்கம் இன்னும் வடியலீங்க."

சோற்றில் கை வைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் அழுதாள். நான் சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவினேன். நாளைக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றேன்.

விளையாட்டுக்காரர்களின் காலைப் பார்க்கிற எலும்பு டாக்டர் ஒருவர் இருக்கிறார் என்று அவன் கூட்டாளிகள் சொன்னார்கள். அந்த டாக்டரம்மாவுக்கு என் மகனைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது கூட இருக்கலாம். காலைத் தொட்டுப் பார்த்தார், முன்னால் மடக்கினார், பின்னால் நீட்டினார். எந்த வயதில் ஆட ஆரம்பித்தாய், வாரத்தில் எத்தனை நாள் என்று கேட்டார். எல்லா நாளும் என்று அவன் சொன்னதும் சிரித்துவிட்டு எக்ஸ்ரே எடுக்க அனுப்பினார். இரண்டு காலுக்கும்.

படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டினார்கள். டாக்டர் பேனாவால் ஒவ்வொரு இடமாகக் காட்டினார். முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பின் சுவர், இரண்டு காலிலும் சாதாரண ஆளுக்கு இருப்பதைவிடக் கனம். ஓடி ஓடி, குதித்துக் குதித்து அப்படி ஆகியிருக்கிறது. அது நல்லதுதான், வயசான காலத்துக்கு அதுதான் சேமிப்பு என்றார். பிறகு பேனா இடது கணுக்காலுக்கு வந்தது. மூட்டுக்கு முன்னால், கிளி மூக்கு மாதிரி ஒரு எலும்பு நீட்டிக்கொண்டிருந்தது. பின்னால், குதிகாலுக்கு மேலே ஒரு கொட்டை. வலது காலில் இரண்டும் இல்லை.

"இது நோவு இல்லீங்கய்யா" என்றார் டாக்டர். "வளர்ற வயசுல வருசக்கணக்கா ஒரே எடத்துல அடி விழுந்தா எலும்பு சும்மா இருக்காது. அந்த எடத்துல தன்னைக் கட்டிக்கும். உங்க பையன் ஆடுனது பூராவும் இங்க எழுதியிருக்கு."

அதனால்தான் குந்த முடியவில்லை, முன்னாலிருக்கிற எலும்பு இடிக்கும் என்றார். பாதத்தைப் படுக்கப்போட்டு அதன்மேல் உட்கார்ந்தால்? நான்தான் கேட்டேன். "அப்ப பின்னாடி இருக்கற கொட்டை நசுங்குமுங்க. ரொம்ப வலிக்கும். அப்படி உக்காரவே கூடாது. யாராவது உக்கார வெச்சாங்களா?" என்று கேட்டுவிட்டு அவனைப் பார்த்தார்.

அவன் என்னைப் பார்க்காமல், "இல்லீங்க, தொழுகையில நானா உக்காந்து பார்த்தேன்" என்றான்.

நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அந்தப் பொய்யை அப்படியே விட்டுவிட்டேன். இன்றுவரை அது அப்படியேதான் கிடக்கிறது.

அறுவைச் சிகிச்சை செய்து செதுக்கிவிடலாம், ஆனால் ஆட்டத்தை விடாவிட்டால் மறுபடி வளரவும் கூடும் என்றார். உடனே செய்தாக வேண்டும் என்பதில்லை, வீக்கம் வடிகிற வரை ஓய்வு, அப்புறம் கட்டுப்போட்டு ஆடலாம். பேசிக்கொண்டே என் கையைப் பார்த்தவர் என்ன வேலை என்று கேட்டார். சொன்னேன். இரண்டு கையையும் நீட்டச் சொன்னார். வலது மணிக்கட்டு இடதைவிட அகலம். சின்ன வயதிலேயே கத்தி பிடித்தீர்களா என்றார். ஆமாம், பதிமூன்று வயதில் என்றேன். "அப்ப உங்களுக்கும் அதேதானுங்க" என்று சொல்லிவிட்டு மருந்துச் சீட்டு எழுத ஆரம்பித்தார்.

திரும்பும் வழியில் ஒரு பேக்கரியில் வண்டியை நிறுத்தினேன். இரண்டு டீ, அவனுக்கு ஒரு தேங்காய் பன். நின்றுகொண்டே குடித்தோம். எக்ஸ்ரே உறை அவன் கக்கத்தில் இருந்தது. பஸ்கள் போய்க்கொண்டிருந்தன.

அவன்தான் பேசினான். குரலில் கோபம் இல்லை. பன்னைப் பிய்த்துக்கொண்டே சொன்னான்.

"ஆட்டுக்கால வெட்டறப்பவே எந்தக் காட்டுல மேஞ்சதுன்னு சொல்லிப்போடுவீங்க. நான் உங்க பக்கத்துலயேதானுங்கத்தா நின்னேன்."

அப்போது எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வரவில்லை. டம்ளரில் மிச்சமிருந்த டீயைக் குடித்தேன். போலாமா என்றேன். அவனை 'கண்ணு' என்று கூப்பிடுவது என் வழக்கம். அந்தச் சொல் வாய்வரைக்கும் வந்து நின்றுகொண்டது.

மறுநாள் எங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் போய்ச் சொன்னேன். தொழுகை நடத்துகிறவர், முப்பது வயதுக்காரர், என் மகனோடு பந்தாடுகிற வயது. முடியாதவன் முடிந்த மாதிரி உட்கார்ந்தால் போதும், நாற்காலியிலும் தொழலாம், அதற்குப் பிழையில்லை, இது உங்களுக்குத் தெரியாததா பாய் என்றார். தெரியும்தான். முழங்கால் தேய்ந்த பெரியவர்கள் வரிசை ஓரத்தில் நாற்காலி போட்டுத் தொழுவதைத் தினமும் பார்க்கிறேன். டீத்தூள் கடைக்காரரே இரண்டு வருடமாக நாற்காலியில்தான். முடியாமை என்பது கிழவர்களுக்கு வருவது என்று வைத்திருந்தேன். ஓடுகிற பையனுக்கு, வலையைக் கிழிக்கிற காலுக்கு வரும் என்று எண்ணிப் பார்க்கவில்லை. அவனை அமுக்கியதையும் ஹஜ்ரத்திடம் சொன்னேன். அதை என்னிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்றார்.

வீட்டில் அவனிடம், நாற்காலி போட்டுத் தொழலாம் என்று ஹஜ்ரத் சொன்னதாக மட்டும் சொன்னேன். மன்னிப்புக் கேட்கத்தான் அவன் அறைக்குப் போனேன். வாயில் வந்தது நாற்காலிதான். அவன் கணுக்காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தான். "கிழவனுங்க நடுவுலயா? வேண்டாமுங்கத்தா" என்றான். கட்டை இறுக்கி, அவிழாமலிருக்க ஊசி குத்தினான்.

சில நாள் கழித்து ஒன்று தோன்றியது. அவன் காலை ஓரமாக நீட்டினால் பக்கத்தில் இருப்பவர்களுக்கும் பின்வரிசைக்காரர்களுக்கும் இடிக்கும். அதனால்தான் முதல் வரிசை அவனுக்கு ஆகாது. கடைசி வரிசையில், சுவரை ஒட்டி நின்றால் யாருக்கும் தொந்தரவில்லை. அன்று லுஹருக்கு நான் தூணடிக்குப் போகவில்லை. கடைசி வரிசைக்குப் போனேன். இருபது வருடமாக முன்னால் நின்றவன் பின்னால் போவதைப் பார்த்து, நாற்காலியில் இருந்த டீத்தூள் கடைக்காரர், "என்னங்க பாய், முன்வரிசை கசந்து போச்சுங்களா?" என்றார்.

"பையனுக்குக் கால்ல எலும்பு வளந்திருக்குதுங்க. இங்கதான் அவனால உக்கார முடியும்" என்றேன்.

அவன் அன்று வரவில்லை. மறுநாளும் இல்லை. நான் கடைசி வரிசையிலேயே நின்றேன். அங்கே மின்விசிறி எட்டாது. செருப்பு வாடை வரும். நிற்கப் போகும்போது இடப்பக்கம் ஒரு ஆள் இடம் விட்டு நிற்பேன். தொழுகை ஆரம்பிக்கும்போது இடைவெளி இருக்கக் கூடாது, யாராவது வந்து நெருங்கி நின்றுவிடுவார்கள். அது அப்படித்தான்.

அவன் மறுபடி ஆடப் போய்விட்டான். ஒரு சாயங்காலம் கடையை முன்னதாகவே அடைத்துவிட்டு மைதானத்துக்குப் போனேன். கம்பி வேலிக்கு வெளியே நின்றேன். இடதுகாலால் அவன் பந்தைத் தொட்டபோதெல்லாம் எனக்கு எக்ஸ்ரேயில் பார்த்த அந்தக் கிளி மூக்குதான் கண்ணில் நின்றது. எத்தனை கோல் என்று கவனிக்கவில்லை. அவன் என்னைப் பார்த்தான் என்று நினைக்கிறேன். கை அசைக்கவில்லை. நானும் அசைக்கவில்லை.

போன வாரம் லுஹர் தொழுகை. நாங்கள் முதல் ரக்அத்தில், முதல் சுற்றில், இருந்தோம். தாமதமாக யாரோ ஒருவர் வந்து எங்கள் வரிசையின் கடைக்கோடியில், சுவரோரம் சேர்ந்துகொண்டார். திரும்பிப் பார்க்கக் கூடாது. ருகூவில் குனிந்தோம், சஜ்தாவில் நெற்றியை வைத்தோம். தொழுகையில் மனம் வேறெங்கும் போகக் கூடாது என்று எனக்குத் தெரியும். அல்லாஹ் என்னை மன்னிக்கட்டும். இமாம் 'அல்லாஹு அக்பர்' என்று தக்பீர் சொன்னார், எல்லோரும் எழுந்தோம். நான் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.

இடப்பக்கம், ஆறேழு ஆளுக்கு அப்பால், 'டக்' என்று சொடக்கு விழுந்தது.

கையைக் கட்டிக்கொண்டு அடுத்த ரக்அத்துக்கு நின்றேன்.